பெய்லிஃப் நோட்டீஸ் வந்துவிட்டதா: தவணை பேசுவதா, 60 நாள் அவகாசம் வாங்குவதா?

இங்கிலாந்தில் கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) பாக்கி வைத்து, அதை வசூலிக்க வரும் பெய்லிஃபிடம் மாட்டிக்கொண்டவர்கள் பலரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தவிக்கிறார்கள்.

செலவு
தவணை: பெய்லிஃப் கட்டண விதிகள் 2014-இல் வந்தபோது நோட்டீஸ் கட்டத்திலேயே 75 பவுண்டு கட்டணம், ஆள் வாசலுக்கு வந்துவிட்டால் கூடவே இன்னொரு 235 என்று வைத்தார்கள். அதனால் நோட்டீஸ் தரும் கெடுவுக்குள் பெய்லிஃபுக்குப் போன் செய்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.
அவகாசம்: ‘பிரீத்திங் ஸ்பேஸ்’ என்பார்கள், இலவசம். அந்த 60 நாளும் புதுக் கட்டணம் ஏறாது, ஆளும் வரக்கூடாது.

எளிமை
தவணை: ஒரு போன் போதும். ஆனால் கேட்ட தொகைக்கெல்லாம் பயத்தில் தலையாட்டிவிட்டு ஒரு மாதம் தவறினால், மறுபடி வாசலில் நிற்பார்கள்.
அவகாசம்: கடன் ஆலோசகர் வழியாகத்தான் கிடைக்கும்.

சம்பளம் ஒழுங்காக வருகிறது, இந்த ஒரு பாக்கிதான் என்றால் தவணை. வாடகை, கிரெடிட் கார்டு என்று எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரித்தால் அவகாசம்தான் சரி.

அப்புறம் ஒன்று, எதுவானாலும் கதவைத் திறக்காமல் லெட்டர்பாக்ஸ் வழியாகவே பேசுங்கள். முதல் தடவை கதவை உடைத்து வர அவர்களுக்கு உரிமை இல்லை. உள்ளே விட்டுப் பொருள் பட்டியலில் கையெழுத்துப் போட்டு, பிறகு தவணை தவறினால், அந்த உரிமை வந்துவிடும்.