2எல்லைத் தேற்றுவதா, 3எல் மாற்றுவதா, டர்போ பூட்டுவதா?

எங்களிடம் இருப்பது 90களின் தொடக்கத்து டொயோட்டா ஹைலக்ஸ் சிங்கிள் கேப். விடியற்காலையில் பேலியகொடை மெனிங் சந்தையில் மரக்கறி ஏற்றி வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் இறக்கும் வண்டி. இடையிடையே நுவரெலியா ஓட்டமும் உண்டு. எஞ்சின், டொயோட்டா 2எல் என்று பெயர் வைத்த 2446 சிசி டீசல். கொழும்புக்குள் அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடுகண்ணாவையிலும் றம்பொடையிலும் சுமையோடு ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே வரும்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல் மறுபடி திறந்தாலும், புது வண்டியின் விலை நமக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே இருப்பதற்கே பலம் ஏற்ற வேண்டும். அதற்கு மூன்று வழி சொல்கிறார்கள்.

முதல் வழி, இருக்கிற 2எல்லைத் தேற்றுவது. நான் 3எல் என்ற அடுத்த பெரிய எஞ்சினை வாங்கும் யோசனையோடு, பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போகப் புறப்பட்டவன். போகிற வழியில் கராஜில் காட்டியபோது மெக்கானிக் பாஸ் டீசல் பில்டரின் அடியில் இருந்த பிளக்கைத் தளர்த்தி, ஒரு யோகட் கோப்பையில் பிடித்தார். அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர், மேலே கலங்கிய டீசல். "தம்பி, முதல்ல இதுக்கு ஒழுங்கா குடிக்கக் குடுங்க, அப்புறம் பலத்தைக் கேளுங்க" என்றார்.

பில்டர் மாற்றுவது வீட்டு முற்றத்திலேயே முடிகிற வேலை. புதியதைப் பூட்டிய பிறகு, மேலே இருக்கும் கைப்பம்பைக் கை கடினமாக உணரும்வரை அமுக்கினால் காற்று வெளியேறும். எயார் பில்டரையும் அதோடு பாருங்கள், பேலியகொடைத் தூசியில் அது சீக்கிரம் அடைத்துப்போகும். வால்வ் கிளியரன்ஸ், அதாவது வால்வின் இடைவெளி, பார்ப்பது பழகிய கைக்கு அரை நாள் வேலை. டீசலைத் தெளிக்கும் இஞ்செக்டர்களை மட்டும் கழற்றி டீசல் பம்ப் கடையில் கொடுத்துச் சோதியுங்கள், அதை வீட்டில் செய்ய முடியாது. இவ்வளவும் செய்ததில் என் வண்டி ஏற்றத்தில் பறக்கவில்லை. ஆனால் கறுப்புப் புகை நின்றது, மிதித்தால் உடனே பதில் சொல்கிறது. செலவு, எஞ்சின் மாற்றுவதற்குப் பக்கத்தில்கூட வராது.

டைமிங் பெல்ட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது அதுதான். இந்த எஞ்சினில் அதே பெல்ட்தான் டீசல் பம்பையும் சுழற்றுகிறது. ஓடும்போது அறுந்தால் வால்வ் பிஸ்டனில் மோதும். 1,00,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது கம்பெனிக் கணக்கு. கடைசியாக எப்போது மாற்றியது என்று தெரியாத வண்டியென்றால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது வழி 3எல். 2779 சிசி, அதாவது 333 சிசி கூடுதல். ஒரே குடும்பத்து எஞ்சின் என்பதால் பழைய கியர்பொக்ஸோடு பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் சேர்ந்துகொள்ளும். டர்போ இல்லை, கொம்பியூட்டர் இல்லை, எந்தக் கராஜிலும் திறந்து பார்க்கலாம். சுமையோடு மலை ஏறுகிறவனுக்கு இந்த வித்தியாசம் காலில் தெரியும்.

சிக்கல் எஞ்சினில் இல்லை, வாங்குகிற இடத்தில்தான். பஞ்சிகாவத்தையில் பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிற்கும் எதையும் நம்பாதீர்கள். தண்ணீர்க் குழாய் மாட்டும் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே கனமாகத் துரு இருந்தால் வெறும் தண்ணீரில் ஓடிய எஞ்சின். ஒயில் மூடியைத் திறந்தால் பால் கலந்த தேநீர் நிறத்தில் குழம்பு தெரிந்தால் விட்டுவிடுங்கள். கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு, பார்க்க விடாத கடையில் பேச்சை வளர்க்க வேண்டாம். எஞ்சின் இலக்கம் வண்டிப் புத்தகத்தில் பதிந்திருக்கும், மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதையும் மாற்றிப் பதிய வேண்டும். அதனால் பில்லும் சுங்கப் பத்திரமும் கைக்கு வராமல் காசு கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, டர்போ, அதாவது வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி. இளம் பிள்ளைகளுக்கு ஆசை காட்டுவது இதுதான். டர்போ இல்லாமல் வந்த 2எல்லின் கம்ப்ரெஷன் 22க்கு 1 என்ற அளவில் ஏற்கெனவே உயரம். அதன்மேல் காற்றைத் திணித்து, பம்பின் ஸ்க்ரூவைத் திருப்பி டீசலையும் கூட்டினால், முதல் மாதம் வண்டி சீறும். பிறகு அந்தச் சூடு முழுவதும் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டில் இறங்கும். கம்பெனியே டர்போவோடு செய்த 2எல்-டீ எஞ்சினுக்குக்கூட சூடேறி ஹெட் வெடிக்கும் என்ற பெயர் உண்டு. சுமை ஏற்றி மலை ஏறும் வண்டிக்கு இது வேண்டவே வேண்டாம். டர்போ இல்லாவிட்டாலும் அந்த ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள், வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் வரும் புகைப் பரிசோதனையில் கறுப்புப் புகை காட்டிக்கொடுத்துவிடும்.

என் தீர்ப்பு இப்படி: கொழும்புக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு முதல் வழி போதும். மாதம் தவறாமல் மலைநாடு போகிறீர்களா, முதல் வழியை முடித்துவிட்டு, கம்ப்ரெஷன் விழுந்திருந்தால் மட்டும் 3எல் தேடுங்கள். அது கிடைத்தால் எஞ்சினை இறக்கும் அதே நாளில் ரேடியேட்டரையும் கழற்றித் துப்புரவாக்கி, ஃபேன் கிளட்ச்சையும் பாருங்கள். பின் பிரேக் ட்ரம்களையும் திறந்து பார்த்துவிடுங்கள், ஏறிய வண்டி றம்பொடையில் இறங்கவும் வேண்டும்.