புஷ் மட்டுமா, முழு ஆர்மா, பாலியூரித்தேனா?

ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். பிரேக் பிடித்தால் வண்டி லேசாக ஒரு பக்கம் இழுக்கிறது. முன் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்கிறது. மூன்றும் சேர்ந்து வந்தால் லோயர் ஆர்ம் புஷ் போயிருக்க வாய்ப்பு அதிகம். சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கைதான் லோயர் ஆர்ம்; அது சட்டத்தில் மாட்டும் இடத்தில் இருக்கும் ரப்பர் உருளைதான் புஷ். ஸ்விஃப்ட், ஐ10 மாதிரியான சின்ன கார்களில் முன்பக்கம் இரண்டு ஆர்ம்; ஒவ்வொன்றிலும் இரண்டு புஷ், சக்கரப் பக்க நுனியில் ஒரு பால் ஜாயின்ட், அதாவது பந்து மூட்டு. வீட்டிலேயே மாற்ற நினைப்பவருக்கு மூன்று வழி உண்டு. புஷ்ஷை மட்டும் மாற்றலாம், ஆர்மையே முழுசாக மாற்றலாம், ரப்பரை விட்டுவிட்டு, அதைவிட விறைப்பான செயற்கைப் பொருளான பாலியூரித்தேனுக்குப் போகலாம்.

எதில் இறங்கினாலும் முதலில் குற்றவாளி புஷ்தானா என்று பார்த்துவிடுங்கள். ஸ்டெபிலைசர் லிங்க் ராடு (திருப்பத்தில் வண்டி அதிகம் சாயாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்பு) தேய்ந்தாலும் இதே 'டொக்' வரும். அது இரண்டு நட்டைக் கழற்றினால் முடிகிற வேலை. காரை ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஆர்முக்கும் அது மாட்டியிருக்கும் சப்ஃப்ரேமுக்கும் நடுவில் ஒரு நெம்புகம்பியை விட்டு அசைத்துப் பாருங்கள். ரப்பரின் மேல் மயிரிழை மாதிரி வெடிப்பு தெரிவது வயதான புஷ்ஷில் சகஜம், அதற்காகப் பதற வேண்டாம். நெம்பும்போது ரப்பர் இரும்புக் குழாயை விட்டுப் பிரிந்து வாய் பிளந்தால் அதன் ஆயுள் முடிந்தது. காரை வெறும் ஜாக்கியில் தூக்கி வைத்துவிட்டு அடியில் கையையோ தலையையோ நீட்ட வேண்டாம். ஸ்டாண்ட் இல்லையென்றால் இந்த வேலையே வேண்டாம்.

புஷ் மட்டும்

செலவு குறைந்த வழி இது. பல சின்ன கார்களுக்குப் புஷ்ஷின் விலை நூறுகளிலேயே முடிந்துவிடும். உழைப்புதான் அதிகம். வெளியே ஒரு இரும்பு உறை, உள்ளே போல்ட் போகும் குழாய், இரண்டுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்ட ரப்பர், இதுதான் புஷ். வெளி உறை ஆர்மின் ஓட்டைக்குள் இறுக்கமாக அமுங்கி உட்கார்ந்திருக்கும். இதை வெளியே தள்ள ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். வைஸ், பெரிய சாக்கெட், நீள போல்ட் என்று வைத்துக்கொண்டும் தள்ளலாம், சில சமயம் வரும். வராதபோதுதான் சுத்தியல் கைக்கு வரும், அங்கேதான் கெடும். இந்த ஆர்ம்கள் பெரும்பாலும் தகட்டை அழுத்திச் செய்தவை. அடியில் சரியான தாங்கல் இல்லாமல் அடித்தால் ஓட்டை நெளியும், புது புஷ் பிடிப்பில்லாமல் உட்காரும். கேஸ் வைத்து ரப்பரை எரித்து எடுப்பவர்களும் உண்டு. அந்தப் புகை நல்லதல்ல, வீட்டு வாசலில் செய்கிற காரியமும் அல்ல.

நான் பரிந்துரைப்பது இரண்டும் கலந்த வழி: ஆர்மைக் கழற்றுவதும் திரும்ப மாட்டுவதும் வீட்டில், பிரஸ் வேலை மட்டும் லேத் பட்டறையில். நம் ஊர்களில் பிரஸ் வைத்திருக்கும் பட்டறை கிடைக்காமல் போகாது. கொண்டு போகும் முன் பழைய புஷ் எந்தப் பக்கம் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று அளந்து, நிற்கும் கோணத்துக்கு ஆர்மில் ஆணியால் ஒரு கீறல் போட்டுக்கொள்ளுங்கள். பின் புஷ்ஷில் ரப்பருக்கு நடுவே பிறை மாதிரி வெற்றிடம் இருந்தால், அது எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதே திசையில்தான் புதியதும் உட்கார வேண்டும். திசை மாறினால் மிருதுவாக இருக்க வேண்டிய இடத்தில் விறைப்பும், விறைக்க வேண்டிய இடத்தில் தொளதொளப்பும் வந்துவிடும். பட்டறைக்காரரிடம் வெளி உறையில் மட்டும் அழுத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். நடுக் குழாயைப் பிடித்துத் தள்ளினால் ரப்பர் அங்கேயே பிய்ந்துவிடும். வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ், எஞ்சின் ஆயில், டீசல் எதுவும் ரப்பருக்கு ஆகாது. மழைக்காலத்துக்கு முன் துருவுக்காகக் காரின் அடியில் பழைய ஆயிலை அடிக்கும் வழக்கம் பல புஷ்களுக்கு எமனாகிறது.

முழு ஆர்ம்

இதில் பிரஸ்ஸே வேண்டாம். இரண்டு புஷ்ஷும் அமுங்கியபடியே வரும். பல மாடல்களில் பால் ஜாயின்ட்டும் ஆர்மோடு சேர்ந்தே வருகிறது. பழையதைக் கழற்றி, புதியதை மாட்டினால் வேலை முடிந்தது. செலவு ஆயிரங்களில் போகும், அதுவும் இரண்டு பக்கத்துக்கு.

இங்கே தீர்மானிக்க வேண்டியது பால் ஜாயின்ட்தான். அதன் ரப்பர் உறை கிழிந்திருந்தால், அல்லது கையால் ஆட்டும்போது எதிர்ப்பே இல்லாமல் சாய்ந்தால், புஷ்ஷை மட்டும் மாற்றுவது வீண். கொஞ்ச நாளில் அதே போல்ட்டுகளைத் திரும்பக் கழற்ற வேண்டி வரும். பால் ஜாயின்ட் விட்டுப்போனால் சக்கரமே சாய்ந்துவிடும் என்பதால் அதில் கஞ்சத்தனம் கூடாது. அது கெட்டியாக இருக்கிறது, ஆர்மும் கம்பெனியோடு வந்தது என்றால், அந்த நல்ல இரும்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மலிவான டூப்ளிகேட் ஆர்மைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சென்னை ஜிபி ரோடு உதிரிபாகக் கடைகளில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பழையதைப் பக்கத்தில் வைத்து ஓட்டைகள், தகட்டின் தடிமன், வெல்டிங், இடது வலது எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மாட்டுங்கள்.

கழற்றும்போது பலர் மாட்டிக்கொள்வது பால் ஜாயின்ட் போல்ட்டில். பல கார்களில் அந்தப் போல்ட் ஜாயின்ட் தண்டில் உள்ள பள்ளத்தில் பதிந்திருக்கும். தளர்த்தினால் மட்டும் போதாது, முழுதாக உருவி எடுக்க வேண்டும். அப்புறம் சக்கரம் மாட்டும் ஹப்பை வெளிப்பக்கமாக இழுத்துத் தொங்க விடாதீர்கள், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் கழன்று வந்துவிடலாம்.

பாலியூரித்தேன்

விளம்பரத்தைப் பார்த்தால் இதுதான் ராஜா. ஆயிலுக்கு அசையாது, ரப்பரைவிட விறைப்பு, திருப்பங்களில் ஸ்டியரிங் சொன்ன இடத்துக்குப் போகும். பல செட்டுகள் இரண்டு துண்டாக வருவதால் பிரஸ் இல்லாமல் கையாலேயே தள்ளிவிடலாம். ஆனால் பழைய புஷ்ஷின் இரும்பு உறையை முதலில் எடுத்தாக வேண்டும், அங்கே மறுபடி அதே லேத் பட்டறை.

ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு வேலை செய்கிறது. பாலியூரித்தேன் நடுக் குழாயின் மேல் சுழல்கிறது. அதனால் அதற்குத் தகுந்த சிலிகான் கிரீஸ் வேண்டும். அது காய்ந்தாலோ தூசி போனாலோ கீச் கீச் என்று கத்த ஆரம்பிக்கும். நம் சாலைகளில் ஒவ்வொரு குழியும் ஸ்டியரிங்கில் தெரியும். ட்ராக்கில் ஓட்டுபவர் போடட்டும். அம்மாவைக் கோயிலுக்கும் பிள்ளையைப் பள்ளிக்கும் கூட்டிப் போகிற காருக்கு நான் போட மாட்டேன்.

இறுக்கும் நேரம்

மூன்று வழிகளையும்விட முக்கியமான விஷயம் இது. ரப்பர் புஷ் போட்ட ஆர்மின் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் கடைசி முறுக்கு இறுக்கக் கூடாது. அந்த நிலையில் இறுக்கினால் நடுக் குழாய் அங்கேயே பூட்டிக்கொள்ளும். கார் தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கியபடியே நிற்கும், சும்மா நிறுத்தி வைத்திருக்கும்போதுகூட. புதுப் புஷ் சீக்கிரமே கிழிவதற்கு இது ஒரு பெரிய காரணம். லிஃப்ட்டில் தூக்கி நான்கு சக்கரமும் தொங்க, இம்பாக்ட் கன்னால் 'டர்ர்' என்று இறுக்கிவிடும் பட்டறைகளை நானே பார்த்திருக்கிறேன். நிதானமாகச் செய்கிற வீட்டுக்காரர் அந்தப் பட்டறையை ஜெயிக்கும் இடம் இது.

செய்முறை எளிது. காரைத் தூக்கும் முன்பே, சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு போல்ட்டுகளைக் கையிறுக்கமாக விட்டு, பால் ஜாயின்ட் அருகே ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்து, அதே அளவு வரும் வரை மெல்ல உயர்த்துங்கள். கார் ஸ்டாண்டை விட்டு எழும்பக் கூடாது. அந்த உயரம் வந்ததும், சர்வீஸ் மேனுவலில் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். பாலியூரித்தேன் சுழல்வதால் அதற்கு இந்தத் தொல்லை கிடையாது. அதன் ஒரே உண்மையான சௌகரியம் என்று இதைத்தான் சொல்வேன்.

ஆக, பால் ஜாயின்ட் நன்றாக இருந்தால் நல்ல ரப்பர் புஷ், லேத் பட்டறை பிரஸ். அது போயிருந்தால் கம்பெனி ஆர்ம். எதைப் போட்டாலும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றி, உடனே வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். பின் அச்சின் பெரிய புஷ்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்கு அச்சையே இறக்க வேண்டியிருக்கும், பிரேக் பைப்பில் கை வைக்க நேரலாம். அதைப் பட்டறைக்கே விட்டுவிடுவேன்.