மாம்பலம் கால்வாய்க்கு ஸ்விம்மா, ஹெக்-ராஸா?

மாம்பலம் கால்வாய் ஓடும் தி.நகரில் நாலு மணி நேரம் மழை விடாமல் கொட்டினால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்? வெள்ள வரைபடம் கேட்பவர்களுக்கு வேண்டியது இந்தப் பதில்தான். கணக்குப் போட இலவசமாகவே இரண்டு மென்பொருள்கள் கிடைக்கின்றன. ஒன்று, அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஹெக்-ராஸ். மற்றது, அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எஸ்டபிள்யூஎம்எம், பேச்சில் ஸ்விம். டென்மார்க்கின் டிஎச்ஐ நிறுவனம் விற்கும் மைக் (MIKE) மென்பொருள் வரிசையும் நல்ல சரக்குதான், ஆனால் உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் கையில் இருந்தால் நான் அதை நில அளவைக்குக் கொடுப்பேன்.

1971-இலிருந்து புழக்கத்தில் உள்ள ஸ்விம்மின் பலம் மழைநீர் வடிகால். மொட்டை மாடி, தார் ரோடு, காலி மனை ஒவ்வொன்றிலிருந்தும் எவ்வளவு நீர் ஓடிவரும், எந்த மேன்ஹோல் எப்போது நிரம்பும் என்று அழகாகச் சொல்லும். சிக்கல், மேன்ஹோல் பொங்கிய பிறகு. பொங்கிய நீர் கணக்கிலிருந்தே போய்விடும். இல்லையென்றால் அங்கேயே தேங்கி, அதே மேன்ஹோலுக்குள் திரும்ப இறங்கும். உஸ்மான் ரோட்டில் பொங்கியது பக்கத்துத் தெருவுக்கு ஓட வேண்டுமென்றால், தெருவையும் ஒரு வாய்க்காலாக நாமே வரைந்து தர வேண்டும்.

நீர் நீளவாக்கில் மட்டும் ஓடுவதாகக் கொள்ளும் ஹெக்-ராஸின் ஒருபரிமாண மாடல் கால்வாய்க்கு உள்ளே கெட்டிக்காரன். பாலத்தடியில் நீர்மட்டம் எவ்வளவு ஏறும், பக்கச்சுவரை உயர்த்தினால் போதுமா என்பதற்கெல்லாம் நான் இதைத்தான் திறப்பேன். ஆனால் ஒரு குறுக்குவெட்டு முழுக்க ஒரே நீர்மட்டம் என்பது அதன் அடிப்படை. கரை தாண்டிய தண்ணீர் வேறு திசையில் தெருவோடு போய்விடும் தட்டையான சென்னையில் இது எடுபடாது. தண்ணீர் போக வழியே இல்லாத பள்ளத்தையும் நீலமாக்கிக் காட்டிவிடும்.

2016-இல் 5.0 பதிப்போடு வந்த இருபரிமாண வசதி அந்தக் குறையைத் தீர்த்தது. நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, நீர் எந்தப் பக்கமும் ஓட விடுகிறது. இதிலும் ஒரு கண்ணி உண்டு. தண்ணீரைத் தடுப்பது கட்டத்தின் விளிம்புதான். ரயில் பாதை மேடோ நீண்ட மதிற்சுவரோ கட்டத்தின் நடுவில் விழுந்தால், நீர் சுவரைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். மேட்டின் மேலேயே பிரேக்லைன் என்ற வழிகாட்டிக் கோட்டை இழுத்தால்தான் விளிம்பு அதன்மீது உட்காரும்.

மாம்பலம் கால்வாய்க்கு என் தேர்வு: கால்வாய் ஒருபரிமாணம், இரு கரைத் தெருக்களும் இருபரிமாணம், இரண்டும் ஹெக்-ராஸில், வடிகால்களிலிருந்து வரும் நீர்வரத்தை ஸ்விம் தரட்டும். சுவர் உயரம் மட்டும் கேட்டால் இவ்வளவு வேண்டாம், ஒருபரிமாணமே போதும்.

இனி அந்த அளவைச் செலவு. இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் செயற்கைக்கோள் உயரத் தரவில் பிழை மீட்டர் கணக்கில் வரும். மாடியும் மரமும் தரையாகப் பதிவாகியிருக்கும். இங்கே கேள்வியோ அரை அடிக்கு. கால்வாய்க்குள் இறங்கினால் இன்னொரு வம்பு: லெவல் எடுக்கும் அளவுகோல் (ஸ்டாஃப்) நிற்பது சேற்றின் மேலா, கான்கிரீட்டின் மேலா? அளவைத் தாளில் இரண்டு மட்டங்களும் தனித்தனியாக இருக்க வேண்டும். பாலத்தடியில் குறுக்கே போகும் குடிநீர்க் குழாய், கேபிள்களையும் அளக்கச் சொல்லுங்கள். பழைய வரைபடத்தில் அவை இருக்காது. கால்வாயின் சொரசொரப்பைச் சொல்லும் மேனிங் எண்ணும் அப்படித்தான். சுத்தமான கான்கிரீட்டுக்கு 0.015 என்று போட்டுவிட்டு, செடியும் குப்பையுமாக 0.030 ஆகிவிட்ட கால்வாயைக் கணக்கிட்டால், இருப்பதைப் போல் இரண்டு மடங்கு நீர் போகும் என்று மாடல் சாதிக்கும். எந்த மென்பொருளானாலும் இதே கதி.

அப்புறம், கால்வாய் போய்ச் சேரும் இடம். கடைசி முனையில் சரிவை மட்டும் கொடுத்து ‘இயல்பு ஆழம்’, அதாவது கீழே தடையே இல்லாமல் ஓடும்போதுள்ள ஆழம், என்று தட்டிவிடுவது சுலபம். மாம்பலம் கால்வாய் கலப்பது அடையாற்றில். 2015 டிசம்பர் 1-இல் தாம்பரத்தில் சுமார் 49 செ.மீ. மழை, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றுக்கு விநாடிக்கு 29,000 கன அடி திறப்பு. ஆறு அப்படி நிரம்பி நிற்கும்போது கால்வாய் நீருக்குப் போக்கிடம் ஏது? ஆற்றின் நீர்மட்டத்தை மணி வாரியாகக் கொடுங்கள். அதற்குக் கடல் ஏற்றவற்றமும் முகத்துவார மணல்திட்டும் கணக்கில் வர வேண்டும். ஒரே மழையை ஆறு தாழ்ந்திருக்கும்போது ஒரு தடவை, நிரம்பியிருக்கும்போது ஒரு தடவை ஓட்டி, இரண்டு வரைபடங்களையும் சேர்த்தே ஒப்படையுங்கள்.