டுவெல்வ் அப்பாஸல்ஸ் ‘ஃபோட்டோகிராஃபி டூர்’: பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து, கடலோரத்தில் நிற்கும் டுவெல்வ் அப்பாஸல்ஸ் பாறைத் தூண்களைப் படமெடுக்க ‘ஃபோட்டோகிராஃபி ஸ்பெஷல்’ என்று ஒருநாள் டூர் விற்கிறார்கள். டிசம்பரில் அப்படி ஒன்றில் போனேன். பட்டப்பகலில் ஏமாற்றினார்கள். கம்பெனி பெயரை எழுதவில்லை, இதே பாணி விளம்பரங்கள் வேறும் கண்ணில் படுகின்றன.

விளம்பரத்தில் சொன்னது இதுதான்: சிறு குழு, கூடவே இருந்து கற்றுத்தர ஒரு புகைப்படக்காரர், கிப்சன் ஸ்டெப்ஸ் என்ற படிக்கட்டு வழியாகக் கடற்கரையில் இறங்கி லாங் எக்ஸ்போஷர் (ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து எடுக்கும் படம்), ட்ரோன் காட்சிகள், கடைசியாகச் சூரியன் மறையும் நேரத்துப் படம். சாதாரண டூரைவிட இரண்டு மடங்குக்கு மேல் கட்டணம்.

வந்து நின்றது எல்லோரையும் ஏற்றிப்போகிற வேன். புகைப்படக்காரர் என்று யாரும் இல்லை, டிரைவர்தான் எல்லாம். வழியில் கென்னட் ரிவரில் கோலா பார்க்க, அப்போலோ பேயில் சாப்பிட என்று காலை முழுக்கக் கரைந்து, போய்ச் சேர்ந்தபோது மதியம் ஒரு மணி தாண்டிவிட்டது.

படமெடுக்கிறவர்களுக்கு இதைவிட மோசமான நேரம் இல்லை. அந்தக் கரை தென்மேற்கைப் பார்த்தது. அங்கே நடுப்பகல் சூரியன் வடக்கே, அதாவது தரைப்பக்கம் நிற்கும். கடலைப் பார்த்த செங்குத்துப் பாறைகளெல்லாம் நிழலில் கிடந்தன, தூண்களின் தலையில் மட்டும் வெள்ளை வெளேரென்று வெயில். அந்தச் சுண்ணாம்புப் பாறையில் அடுக்கடுக்காக ஓடுகிற மஞ்சள், பழுப்பு வரிகள்தான் அந்த இடத்தின் அழகே. சாய்ந்த வெளிச்சம் விழுந்தால்தான் அவை எழும்பி வரும். டிசம்பரில் அங்கே சூரியன் மறைய இரவு எட்டரை தாண்டும். எங்களை மூன்று மணிக்கெல்லாம் வேனில் ஏறச் சொல்லிவிட்டார்கள்.

சரி, கடற்கரையாவது கிடைத்ததா? கிப்சன் ஸ்டெப்ஸில் 86 படிகள். அன்று அலை படியின் அடிவரை வந்து மோதியதால் வழியை மூடியிருந்தார்கள். “கடல் யார் கையில் இருக்கிறது?” என்றார் டிரைவர். கடல் யார் கையிலும் இல்லைதான், ஆனால் அலை எவ்வளவு உயரம் வரும் என்று சில நாள் முன்பே முன்னறிவிப்பு வந்துவிடுகிறது. அந்தக் கரையில் ஏற்றவற்றத்தின் வித்தியாசம் அதிகமில்லை, தெற்குப் பெருங்கடலிலிருந்து வரும் பேரலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காலையில் கிளம்பும்போதே சொல்லியிருக்கலாம். ட்ரோனும் வெறும் பேச்சு. அது தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது.

மேடையில் நின்று விளம்பரப் படத்தையும் எதிரே இருந்த காட்சியையும் ஒப்பிட்டபோதுதான் வயிறு எரிந்தது. படத்தில் முன்னால் கம்பீரமாக நிற்கிற ஒரு தூண் நேரில் வெறும் கற்குவியல். ஏறக்குறைய 50 மீட்டர் உயரத் தூண் அது, 2005 ஜூலையில் இடிந்து விழுந்துவிட்டது. ஆக, இவர்கள் டூரில் எடுத்த படம் என்று போட்டதெல்லாம் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியவை. நீங்களும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். அதே கரையில் உள்ள ‘லண்டன் பிரிட்ஜ்’ என்ற பாறை வளைவு கரையோடு ஒட்டி இரட்டை வளைவாக இருந்தால் அது 1990 ஜனவரிக்கு முந்தைய படம். அங்கேயே லாக் ஆர்ட் கார்ஜ் என்ற இடத்துக்குப் பக்கத்து ஐலண்ட் ஆர்ச்வே பாறை முழு வளைவாக இருந்தால் 2009க்கு முந்தையது.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய கோபம். வேலியைத் தாண்டிப் போய் நின்றால் ‘நல்ல ஆங்கிள்’ கிடைக்கும் என்று டிரைவரே ஒரு இளம் ஜோடியை அனுப்பப் பார்த்தார். அலை அடியில் அரித்து அரித்து, மேலே புல் மூடிய விளிம்பு அந்தரத்தில் தொங்குகிற பாறை அது. நிற்பவருக்குக் காலடியில் ஒன்றுமில்லை என்பது தெரியவே தெரியாது. நானும் இன்னொருவரும் சத்தம் போட்டுத்தான் அவர்களைத் திருப்பினோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் ‘வானிலை எங்கள் பொறுப்பல்ல’ என்று பதில் வந்தது. அன்று வானத்தில் ஒரு மேகம் கிடையாது. அப்புறம் அடுத்த டூருக்குத் தள்ளுபடி கூப்பன் தந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியா என்ற மாநில நுகர்வோர் அமைப்பிலும், கார்டு கொடுத்த வங்கியிலும் புகார் கொடுத்திருக்கிறேன். விளம்பரத்தில் சொன்னபடி சேவை இல்லையென்றால் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் நம் பக்கம்தான்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள், அங்கே எத்தனை மணிக்குச் சேருவோம், எத்தனை மணிக்குக் கிளம்புவோம், கற்றுத்தருபவர் யார் என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கிவையுங்கள். விளம்பரப் பக்கத்தையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நான் புகார் கொடுத்த மறுவாரமே அவர்கள் ‘சூரியன் மறையும் நேரம்’ என்ற வரியை நீக்கிவிட்டார்கள்.