புறநகர் ரயிலில் மூன்று மடிப்புச் சைக்கிள்: ஓராண்டு கழித்து எழுதும் மதிப்புரை

மடக்கு சைக்கிள்களைப் பற்றிய மதிப்புரைகளை எழுதுபவர்கள் பெரும்பாலும் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள். ரயிலில் கொண்டுபோவதற்கென்றே வாங்குகிறவருக்கு அவை பாதிதான் பயன்படும்; ஒரு வழிப் பயணத்தில் நான் இந்த வண்டியின் மேல் அமர்ந்திருப்பது முப்பத்தைந்து நிமிடம்தான் என்றால், மடித்த நிலையில் அதைத் தூக்குவதும் உருட்டுவதும் நெரிசலில் முழங்காலால் அணைத்து நிறுத்துவதுமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் கழிகிறது. ஆகவே, மடித்த பொட்டலமாக இந்த வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் இங்கு முதன்மையாக எழுதுகிறேன்.

வீட்டிலிருந்து நிலையம் மூன்று கிலோமீட்டர், இறங்கும் நிலையத்திலிருந்து அலுவலகம் ஐந்து கிலோமீட்டர். தொடக்கத்தில் என் பழைய முழு அளவு சைக்கிளையே ஏற்றிப் பார்த்தேன். ஏறக்குறைய 175 சென்டிமீட்டர் நீளமுள்ள வண்டியைக் காலை நேரப் பெட்டியில் நிறுத்துவதென்றால் ஒரு கதவை முழுவதுமாக அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். சக பயணிகள் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அவர்கள் பார்வையே போதும். பல ரயில் நிர்வாகங்கள் நெரிசல் நேரத்தில் முழு அளவு சைக்கிளைத் தடை செய்வதன் காரணம் அன்று எனக்குப் புரிந்தது. நெதர்லாந்து ரயில்களில் வேலைநாள்களில் காலை 6.30 முதல் 9 மணி வரையும் மாலை 4 முதல் 6.30 மணி வரையும் அதை ஏற்ற முடியாது. மற்ற நேரங்களில் சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். ஆனால் மடித்த சைக்கிளுக்கு அங்கே நேரத் தடையும் இல்லை, கட்டணமும் இல்லை, ஏனெனில் அது கைச்சுமையாகவே கருதப்படுகிறது. ஜப்பானில் பெரும்பாலான ரயில்களில் எந்தச் சைக்கிளானாலும் உறைக்குள் முழுவதும் மறைந்திருக்க வேண்டும். கோபன்ஹேகன் புறநகர் ரயில்கள் இதற்கு எதிர்முனை: அங்கே 2010 முதல் சைக்கிளைக் கட்டணமின்றி ஏற்றலாம், அதை நிறுத்துவதற்கென்று பெட்டிகளில் இடமும் விட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ரயிலில் போகிறவர்கள் இந்த மதிப்புரையை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். அவர்களுக்கு மடக்கு சைக்கிளே தேவையில்லை.

நான் வாங்கியது 16 அங்குலச் சக்கரமும் எஃகுச் சட்டகமும் மூன்று கியரும் கொண்ட மூன்று மடிப்பு வண்டி. இந்த அமைப்பின் மூலவர் ஆன்ட்ரூ ரிச்சி. 1970களின் நடுவில் லண்டனில் தன் வீட்டிலேயே முதல் மாதிரிகளைச் செய்த அவர், சன்னலுக்கு எதிரே தெரிந்த பிராம்ப்டன் தேவாலயத்தின் பெயரையே வண்டிக்கும் வைத்தார். மூலக் காப்புரிமையின் காலம் முடிந்துவிட்டதால் இன்று பல நிறுவனங்கள் அதே வழியில் செய்கின்றன. என்னுடையதும் அவற்றுள் ஒன்று. மடிப்பின் வரிசை எளியது. பின்சக்கரம் தன்னைத் தாங்கும் முக்கோணச் சட்டத்தோடு சட்டகத்தின் அடியில் சுழன்று வந்துவிடும். நடுக்கீலைத் தளர்த்தினால் முன்சக்கரம் பின்னால் வந்து அதன் அருகில் ஒட்டி நிற்கும். பிறகு கைப்பிடித் தண்டைக் கீழே சாய்த்து, இருக்கைத் தண்டை இறுதிவரை இறக்க வேண்டும். இந்தக் கடைசி அசைவில்தான் சூட்சுமம் இருக்கிறது: இறங்கிய இருக்கைத் தண்டு உள்ளே புகுந்து பின்சக்கர முக்கோணத்தைத் தடுத்து நிறுத்துவதால், முழுப் பொட்டலமும் எந்தக் கயிறும் காந்தமும் இல்லாமல் பூட்டிக்கொள்கிறது.

விற்பனையாளர் பதினைந்து நொடியில் மடித்துக் காட்டினார். முதல் வாரம் எனக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. இப்போது தோளில் பையோடும் நெற்றியில் வியர்வையோடும் இருபத்தைந்து நொடி ஆகிறது. உண்மையில் இந்த எண்ணுக்கு விளம்பரங்கள் கொடுக்கும் முக்கியத்துவம் வீண். நிலைய வாசலிலேயே மடித்துவிட்டு உள்ளே போகிறவருக்குப் பத்து நொடி கூடினால் என்ன, குறைந்தால் என்ன? ரயில் வந்த பிறகு நடைமேடையில் நின்று மடிக்கிறவர் எந்த வண்டி வைத்திருந்தாலும் அந்த ரயிலைத் தவறவிடுவார்.

கவனிக்க வேண்டியது மடித்த பின் கிடைக்கும் வடிவம். என் வண்டி மடித்த நிலையில் சுமார் 65 சென்டிமீட்டர் நீளம், 60 உயரம், 30க்குச் சற்றுக் குறைந்த அகலம். இந்த அகலம்தான் பெட்டிக்குள் உயிர் காக்கிறது. கதவருகே உள்ள தடுப்பை ஒட்டி நிறுத்தினால் ஒருவர் நிற்கும் இடத்தைக்கூட அது முழுதாக எடுப்பதில்லை. இன்னொரு நன்மையைப் பயன்படுத்திய பிறகே அறிந்தேன். மடித்தவுடன் சங்கிலி இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் ஒளிந்துகொள்கிறது. இதற்கு முன் ஒரு மாதம் நண்பரின் 20 அங்குல இரண்டு மடிப்பு வண்டியை வாங்கி ஓட்டினேன். அதில் சங்கிலி வெளிப்பக்கமே நின்றதால், என் கால்சட்டையில் மூன்று முறையும் பக்கத்தில் நின்ற ஒருவருடைய வெள்ளைச் சட்டையில் ஒரு முறையும் கறை பட்டது. அந்த வண்டியை மடித்த நிலையில் சேர்த்துப் பிடிக்க ஒரு காந்தம்தான் இருந்தது. படியில் இடித்தால் போதும், வாய் பிளந்த முதலை போல இரண்டாக விரிந்துவிடும்.

எடை 11.9 கிலோ. தராசில் பார்க்கும்போது பெரிதாகத் தெரியாத இந்த எடை, நாற்பது படி ஏறும்போது வேறு ஒன்றாகிவிடுகிறது. இருக்கையின் முன்மூக்கைப் பிடித்துத் தூக்கினால் பொட்டலம் உடலை ஒட்டி நேராகத் தொங்குகிறது என்பதால் இரண்டு மாடி வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் கையை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி குறைகள். மடித்தபின் தள்ளிக்கொண்டு போகப் பொருத்தியுள்ள உருளைகள் ரூபாய் நாணயம் போலச் சிறியவை. பளிங்குத் தரையில் அழகாக ஓடும் அவை, பார்வையற்றோருக்காக நடைமேடையில் பதித்திருக்கும் புடைப்புக் கற்களை எட்டியதும் நின்றுவிடுகின்றன. சட்டென்று நின்ற வண்டியின் மேல் நானே இரண்டு முறை விழப் பார்த்தேன். அதே உருளைகள், ஓடக் கூடாத இடத்தில் நன்றாக ஓடுகின்றன. முதல் மாதத்தில் ஒரு நாள் உருளைகள் ரயில் போகும் திசையிலேயே இருக்கும்படி வண்டியை நிறுத்தியிருந்தேன். ஓட்டுநர் பிரேக் பிடித்ததும் உறை போட்ட பொட்டலம் தானாகப் புறப்பட்டு, நான்கு அடி தள்ளி நின்ற முதியவரின் பையில் போய் முட்டியது. நான் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் அவர், “பரவாயில்லை தம்பி, உள்ளே என்ன, தையல் மிஷினா?” என்று கேட்டார். அன்றிலிருந்து உருளைகளைப் பயணத் திசைக்குக் குறுக்காகத் திருப்பி வைக்கிறேன்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பின்சக்கர முக்கோணம் சட்டகத்தோடு எந்தக் கொக்கியாலும் இணைக்கப்படவில்லை. விரித்த வண்டியை இருக்கையைப் பிடித்து ஒரு படி ஏற்றத் தூக்கினால், பின்சக்கரம் தானாக அடியில் சுழன்று முழங்கால் எலும்பைத் தாக்குகிறது. ஒரு சிறு கொக்கியில் தீரக்கூடிய இந்தக் குறையைத் தயாரிப்பாளருக்கு எழுதினேன். வந்த பதிலில் நன்றி மட்டும் இருந்தது.

ஓட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். சாதாரணச் சாலைச் சைக்கிளின் ரிம் விட்டம் 622 மில்லிமீட்டர், இதனுடையது 349. சக்கரம் சிறுத்தால் குழி ஆழமாகிவிடும் என்பது கணக்கு. முன்பு கவனிக்காமல் கடந்த பள்ளங்களெல்லாம் இப்போது எனக்கு மனப்பாடம். கைப்பிடி சிறிது திருப்பினாலே வண்டி திரும்பிவிடுவதால், ஒரு கையை எடுத்துச் சைகை காட்டப் பழகவே இரண்டு வாரம் ஆயிற்று. காற்றழுத்தம் குறைந்தால் உடனே கால்களுக்குத் தெரிகிறது என்பதால் வாரம் ஒரு முறை பம்பைத் தேட வேண்டியிருக்கிறது. ஐந்து கிலோமீட்டருக்கு இது போதும். பதினைந்து என்றால் 20 அங்குல வண்டியின் சங்கிலிக் கறையையே பொறுத்துக்கொள்வேன்.

பராமரிப்பில் இருவிதக் கவனம் தேவை. இருக்கைத் தண்டில் எண்ணெயோ ஈரமோ இருந்தால் ஓட்டும்போதே அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு ஏறுகிறேன், சரியான உயரத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒரு கோடும் ஒட்டியிருக்கிறேன். கீல்களை இறுக்கும் இரண்டு திருகுகளையும் மாதம் ஒரு முறை சோதிப்பது கட்டாயம், ஏனெனில் தினம் நான்கு முறை திறந்து மூடப்படுபவை அவை. கைப்பிடித் தண்டின் கீல் தளர்ந்த வண்டியில் பிரேக் பிடிப்பதைவிட நடந்து போவது நல்லது.

எட்டாவது மாதத்தில் அந்தச் சிறிய உருளைகளைக் கழற்றிவிட்டு, ஸ்கேட்டிங் காலணிக்குரிய பெரிய ரப்பர் உருளைகளை நீளமான திருகுகளில் மாட்டினேன். புடைப்புக் கற்கள் இப்போது ஒரு பொருட்டில்லை. கொக்கி மட்டும் இன்னும் கிடைத்தபாடில்லை. படி ஏற்றும்போதெல்லாம் பின்சக்கரத்தை இடது கையால் பிடித்துக்கொண்டே தூக்குகிறேன்.