லினக்ஸில் ஸ்வாப், டிஸ்க் பெயர்கள்: நீண்டகாலப் பாவனையில் விளங்கியவை

கல்முனை, மட்டக்களப்புப் பக்கம் பழைய டெஸ்க்டாப்புக்கு எஸ்எஸ்டி போட்டு டெபியனோ உபுண்டுவோ பாவிப்பவர்களுக்கு இது உதவும். ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் பாவிக்கும் இடம்) ஓடுகிறது, எந்த டிஸ்க்கில் என்றுதான் பெயரை வைத்து விளங்குவதில்லை.

எல்விஎம் (டிஸ்க் இடத்தை வால்யூம்களாகப் பிரித்துத் தரும் முறை) போட்ட மெஷினில், ஓடும் ஸ்வாப்பைக் காட்டும் ஸ்வாப்ஆன் கட்டளை ‘டிஎம்-1’ போன்ற பெயரையே காட்டும். அது லினக்ஸின் மையமான கெர்னல் கொடுக்கும் எண். நிலையானதல்ல, அடுத்த பூட்டில் மாறலாம். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளை இதில் எவ்வளவோ மேல்: வால்யூம் பெயரையே காட்டி, பக்கத்தில் ஸ்வாப் என்றும் போடும். அந்தப் பெயரில் இரட்டை ஹைஃபன் வந்தால் பிழையென்று திருத்தப் போகவேண்டாம். வால்யூம் குரூப் (வால்யூம்கள் இருக்கும் தொகுப்பு) பெயருக்குள் ஹைஃபன் இருந்தால் அப்படித்தான் எழுதப்படும்.

எல்விஎம் இல்லாத மெஷினிலும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற டிஸ்க் பெயர்களை நம்ப முடியாது. யூஎஸ்பி டிஸ்க் செருகியபடி பூட் பண்ணினால் இடம் மாறலாம். பூட்டில் எந்த டிஸ்க் பகுதிகளைச் சேர்ப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பில் யூயூஐடி (ஒவ்வொரு பகுதிக்கும் உரிய தனி அடையாள எண்) எழுதுவதே பாதுகாப்பு.

அதற்கும் ஒரு பொறி உண்டு. அதே மெஷினில் இரண்டாவது லினக்ஸ் ஏற்றும்போது இன்ஸ்டாலர் ஸ்வாப்பை ஃபார்மட் பண்ணினால் யூயூஐடி புதிதாகிவிடும். முதல் லினக்ஸ் பழையதைத் தேடி பூட்டில் 1 நிமிடம் 30 வினாடி காத்து நிற்கும். டிஸ்க் பழுதென்று பலர் மாற்றுவது இந்தக் கட்டத்தில்தான், தேவையே இல்லை. முதலில் ஸ்வாப்பை நிறுத்தும் ஸ்வாப்ஆஃப் கட்டளையைக் கொடுங்கள். ரேமில் இடம் போதாவிட்டால் அது மறுக்கும், பெரிய புரோகிராம்களை மூடிவிட்டுத் திரும்பக் கொடுக்கலாம். பிறகு ஸ்வாப்லேபல் கட்டளையில் ஹைஃபன், பெரிய யூ போட்டுப் பழைய யூயூஐடியையே எழுதலாம், ஃபார்மட் தேவையில்லை. ஆனால் இரண்டாவது லினக்ஸ் புதிய யூயூஐடியைக் குறித்து வைத்திருக்கும். ஆகவே இரண்டும் தேவையென்றால் முதல் லினக்ஸின் எஃப்எஸ்டாப்பைத் திருத்துவதே சரி. ஹைபர்னேட் (ரேமில் இருப்பதை ஸ்வாப்பில் எழுதி மெஷினை அணைப்பது) பாவித்தால் ரிசியூம் கோப்பிலும் யூயூஐடியை மாற்றி, பூட் கோப்பைப் புதுப்பிக்கும் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை ஓடவிட வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்குக் குளோன் பண்ணி இரண்டையும் மாட்டி வைத்தால் ஒரே யூயூஐடி இரண்டு இடத்தில் நிற்கும். எதில் எழுதுகிறது என்று தெரியாது. பழையதைக் கழற்றுங்கள்.

அடையாளத்துக்கு லேபலும் (பெயர்) போடலாம், அதே ஸ்வாப்லேபல் கட்டளையில் ஹைஃபன், பெரிய எல் போட்டு. ஸ்வாப் லேபலுக்கு 16 பைட்தான் இடம். தமிழில் எழுத்து, புள்ளி, உயிர்க்குறி ஒவ்வொன்றும் தனித்தனியே 3 பைட் என்பதால் ‘மட்டக்களப்பு’ 36 பைட் எடுக்கும். சிறிய ஆங்கிலப் பெயரே பொருந்தும்.