ராக் குழுவில் செல்லோ: மரச் செல்லோவா, எலெக்ட்ரிக்கா?

மேற்கத்திய செவ்வியல் இசை படித்த செல்லோ (வயலின் குடும்பத்தின் பெரிய, கனத்த குரல் வாத்தியம்) கலைஞர் ராக் குழுவில் சேர்ந்ததும் எழும் முதல் கேள்வி இது.

மரச் செல்லோவின் பலமும் பலவீனமும் அதன் கூடான பெட்டிதான். வில்லின் அழுத்தம் துளி மாறினாலும் நாதம் மாறும். அந்த உயிர்ப்புக்கு ஈடே இல்லை. ஆனால் டிரம்ஸும் கிட்டாரும் முழங்கும் மேடையில் அந்தப் பெட்டி அவற்றின் ஒலியையும் வாங்கி அதிரும். தந்திகளைத் தாங்கும் குதிரையில் பொருத்திய பிக்கப் (அதிர்வை மின்சாரமாக மாற்றும் கருவி) அதைத் திரும்ப ஒலிபெருக்கிக்கு அனுப்ப, ஒலி சுழன்று பெருகி ஃபீட்பேக்காக ஊளையிடும். சுமார் 65 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் தடித்த சி தந்தியில் தொல்லை இன்னும் அதிகம்.

எலெக்ட்ரிக் செல்லோவில் அந்தப் பெட்டி இல்லை, எனவே ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலைத் தைரியமாக மிதிக்கலாம். விரல் வைக்கும் இடங்களும் பெரும்பாலும் அதேதான், கற்ற வித்தை வீணாகாது. ஆனால் வில்லின் நுணுக்கம் மழுங்கும்.

ஹெல்சிங்கியின் சிபேலியஸ் அகாடமி மாணவர்கள் 1993-இல் தொடங்கிய அப்போகலிப்டிகா குழு, செல்லோவிலேயே மெட்டல் என்னும் முரட்டு ராக் இசையை வாசிக்கலாம் என்று காட்டியது. எவ்வளவு அழகான துணிச்சல்!

மெல்லிய பாடல்கள் அதிகம் என்றால் மரச் செல்லோ, சத்தம் உச்சத்தில் என்றால் எலெக்ட்ரிக். ஒலிப்பதிவுக் கூடத்தில் மட்டும் யோசிக்கவே வேண்டாம், மரச் செல்லோதான்.